ஊர்ச் சுற்றுப்போட்டியில் நடுவர் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது எப்படி

வன்னியில், தோற்ற அணி வெளியேறும் விலகல் முறை உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்று குழம்பினால், பழி விசில் வைத்திருந்தவர் தலையில்தான் விழும். "றெபறி அவங்கட ஆள்", "லைன்ஸ்மன் விலைபோயிட்டான்" என்ற பேச்சு மைதானத்திலிருந்து சந்திக் கடை வரை போய், அடுத்த வருடப் போட்டிக்கும் வந்து நிற்கும். நடுவர் பிழைவிடுவது உண்மைதான். ஆனால் கைகலப்பு வரை போன ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால், நெருப்புக்கு விறகு அடுக்கியது பெரும்பாலும் ஏற்பாட்டுக் குழுவே: அழிந்துபோன கோடு, ஓட்டை வலை, எழுதிவைக்காத விதி, கயிறு கட்டாத எல்லை, கையில் மைக் கிடைத்ததும் தீர்ப்புச் சொல்லத் தொடங்கும் அறிவிப்பாளர். இவற்றை முன்கூட்டியே சரிசெய்யலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் போட்டி நடத்தும் கழகங்களுக்காகவும், கயிற்றுக்கு வெளியே நின்று கத்தும் ரசிகர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

நடுவரை அழைப்பது

மாவட்ட உதைபந்தாட்ட லீக் ஊடாகவே நடுவர்களைக் கேளுங்கள். தெரிந்த அண்ணை ஒருவர் நன்றாக விசில் ஊதுவார் என்று நேரடியாகக் கூப்பிட்டால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தோற்ற அணி அந்தப் பழக்கத்தைத்தான் பிடிக்கும். கேட்கும்போது எந்தெந்தக் கழகங்கள் விளையாடுகின்றன என்ற பட்டியலையும் கொடுங்கள். நடுவரின் ஊர், அவர் முன்னர் விளையாடிய கழகம், மைத்துனர் விளையாடும் கழகம் எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். புதுக்குடியிருப்புக் கழகமும் விசுவமடுக் கழகமும் மோதும் ஆட்டத்துக்கு மல்லாவியிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ ஆள் வருவது நல்லது.

ஒரு ஆட்டத்துக்கு நான்கு பேர் தேவை: நடுவர், இரண்டு துணை நடுவர்கள், மேசையில் இருக்கும் நான்காவது நடுவர். தகுதிபெற்ற ஒருவர்தான் கிடைத்தார் என்றால் கொடி பிடிக்கக் கழகத்துக்கு ஒருவரைக் கேட்கலாம். ஆனால் அவர்களின் வேலை பந்து வெளியே போனதைக் காட்டுவது மட்டுமே என்று இரண்டு அணிகளுக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள். கழக ஆள் ஓஃப்சைட் கொடி தூக்கினால் அது சரியாக இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

கொடுப்பனவை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே, எல்லா ஆட்டத்துக்கும் ஒரே தொகையாக, உறையில் போட்டு மேசையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்த பிறகு, அதுவும் வென்ற கழகத்தின் பொருளாளர் கையால் கொடுப்பதைப் பத்துப் பேர் பார்த்தால், மறுநாள் அது இலஞ்சம் என்றாகிவிடும். சாப்பாடும் அப்படித்தான். விளையாடும் அணிக்காரர் வீட்டில் இலை போட வேண்டாம். மேசைக்குப் பார்சல் வரட்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு உள்வீதிகளில் பஸ் கிடைப்பது அரிது. வீட்டுக்குப் போக வாகனத்தை முதலே ஒழுங்குசெய்யுங்கள். ஒரு அணியின் ரசிகருடைய மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு ஏறிப்போகும் நிலைமைக்கு நடுவரை விடாதீர்கள்.

கோடும் வலையும்

இதில் சோம்பல்பட்டால் மிச்சம் எல்லாம் வீண். நடுவரின் கண் எவ்வளவு கூர்மையானதென்றாலும் இல்லாத கோட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மைதானம் 90 முதல் 120 மீற்றர் நீளம், 45 முதல் 90 மீற்றர் அகலம் வரை இருக்கலாம். 90க்கு 50 என்று எடுத்தால், மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 102.96 மீற்றர் வரவேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் பெட்டி சரிந்திருக்கிறது. மூலையில் செங்கோணம் எடுக்க 24 மீற்றர் கயிற்றில் 6, 8, 10 மீற்றர் வரும்படி முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் போதும். கோல் 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். பெனால்டி எல்லை கம்பத்தின் உட்பக்கத்திலிருந்து இருபுறமும் 16.5 மீற்றர், உள்ளுக்கும் 16.5, ஆக முழு அகலம் 40.32. பெனால்டிப் புள்ளி 11 மீற்றரில். நடு வட்டத்தின் ஆரை 9.15. கோட்டின் அகலம் 12 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, கோல் கம்பத்தின் தடிப்பும் கோல் கோட்டின் அகலமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஏழு பேர் அணிகளுக்கு நடத்தினால் இந்த அளவுகளைச் சுருக்கலாம்; சுருக்கிய அளவை விதித்தாளில் எழுதுங்கள்.

நீற்றிய சுண்ணாம்பைக் கோடு போடப் பாவிக்கவேண்டாம். சறுக்கி விழுந்து தோலுரிந்த முழங்காலில் பட்டால் அது எரித்துப் புண்ணாக்கும், கண்ணுக்குள் போனால் பார்வைக்கே ஆபத்து. சோக்குத் தூள் அல்லது தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயின்ட் நல்லது. செம்மண் தரையில் காலையில் தண்ணீர் தெளித்து, மண் இறுகிய பிறகு போட்டால்தான் பிடிக்கும். உலர்ந்த தூசியின் மேல் போட்டால் முதல் ஆட்டத்தின் பாதியிலேயே காலோடு போய்விடும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் தூள் நிற்காது, பெயின்ட்தான். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இரண்டும் நிற்காது. அங்கே அகலமான துணி நாடாவை வளைத்த கம்பிக் கொக்கிகளால் மணலுக்குள் அறைந்துவிடலாம். கயிறு வேண்டாம், கால் தடுக்கும். ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டம் என்றால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னர் கோல் கோட்டையும் பெனால்டி எல்லையையும் மட்டுமாவது மீண்டும் போடுங்கள். சண்டை வரும் இடம் அந்த இரண்டும்தான்.

வலையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னர் கையால் இழுத்துப் பாருங்கள். பக்கவலையில் பந்து புகும் ஓட்டை இருந்தால், வெளியால் போன பந்து உள்ளே கிடக்கும், உள்ளே போன பந்து வெளியே உருளும். அடிப்பக்கத்தை இரண்டு முழத்துக்கு ஒரு முளை அடித்து இறுக்குங்கள். கம்பத்துக்கும் வலைக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி இருந்தால் நைலோன் கயிற்றால் கோத்துவிடுங்கள்.

இனி, "உள்ளுக்குப் போச்சு" என்ற சண்டையைப் பார்ப்போம். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் கடந்தால்தான் கோல். பந்தின் விட்டம் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். ஆகவே பந்து நிலத்தைத் தொடும் புள்ளி, கோட்டின் பின்விளிம்பிலிருந்து 11 சென்ரிமீற்றராவது தாண்டியிருக்கவேண்டும். நிலத்தைத் தொட்ட இடம் கோட்டுக்கு வெளியே என்பதால் மட்டும் கோல் ஆகாது. இதைச் சரியாகப் பார்க்கக்கூடிய இடம் கோல் கோட்டின் நேரே மட்டும்தான். கோலுக்குப் பின்னால் ஒரு பக்கமாக நிற்பவருக்கும், நடுக்கோட்டுப் பக்கம் நிற்பவருக்கும் கண் ஏமாற்றும். 2010 உலகக் கிண்ணத்தில் புளோம்ஃபொன்டெய்னில் இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டது. நடுவரும் துணை நடுவரும் காணவில்லை. அந்த அளவிலான நடுவர்களுக்கே நேர்ந்தது உங்கள் மைதானத்திலும் நேரும். பயிற்சி ஆட்டங்களில் ரசிகர் ஒருவரைக் கோல் கோட்டு நேரே நிறுத்திப் பந்தை உருட்டிக் காட்டுங்கள். இதைப் போல் வேறு எந்த விளக்கமும் ஏறாது.

கயிறு எங்கே, சனம் எங்கே

பக்கக் கோட்டிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். துணை நடுவர் ஓடுவது அந்த இடைவெளியில்தான். கோட்டை ஒட்டிச் சனம் நின்றால் அவர் மைதானத்துக்குள் ஏறி ஓடவேண்டி வரும், அப்போது ஓஃப்சைட் கோடு அவர் கண்ணுக்கு நேரே வராது. பிறகு கொடி பிழை என்று கத்துபவர்களும் அந்த இடத்தை அடைத்து நின்ற ஆட்கள்தான்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. துணை நடுவர் ஒவ்வொருவரும் தன் பக்கக் கோட்டில் ஒரு பாதியில்தான் ஓடுவார். ஒருவர் இந்தப் பக்கம் இந்தப் பாதி, மற்றவர் எதிர்ப்பக்கம் மற்றப் பாதி. ஆகவே இரண்டு பக்கக் கோட்டிலும் துணை நடுவர் வராத பாதி ஒவ்வொன்று இருக்கிறது. கூட்டத்தை அங்கே விடுங்கள். ஐஸ்கிறீம் வண்டி, கச்சான்காரர், நிழல் பந்தல் எல்லாம் அந்தப் பாதியில் போனால் சனம் தானாகப் போகும். ஒரு கழகத்துக்கு ஒரு பக்கம், மற்றக் கழகத்துக்கு எதிர்ப்பக்கம்.

கோலுக்குப் பின்னால் 5 மீற்றருக்குள் யாரும் வேண்டாம். மைதானம் வடக்குத் தெற்காக இருந்தால், பின்னேரத்தில் கிழக்குப் பக்கக் கோட்டில் ஓடுபவருக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அனுபவம் கூடியவரை அந்தப் பக்கம் நிறுத்தும்படி நடுவரிடம் சொல்லுங்கள், தொப்பியும் கொடுங்கள்.

விதித்தாளும் பத்து நிமிடக் கூட்டமும்

ஒரு பக்கத் தாளில் இவை இருக்கவேண்டும்: பாதிக்கு எத்தனை நிமிடம், எத்தனை மாற்று வீரர், வெளியே போனவர் திரும்ப வரலாமா, சமநிலை என்றால் மேலதிக நேரமா நேரே பெனால்டியா, ஓஃப்சைட் உண்டா (ஏழு பேர் ஆட்டத்தில் இது கட்டாயம் எழுதவேண்டியது), இரண்டு மஞ்சள் அட்டை பெற்றவருக்கு அடுத்த ஆட்டம் தடையா, முறைப்பாடு எதற்குக் கொடுக்கலாம். முறைப்பாடு என்பது வேறு கழக வீரரை இறக்கியது, வயது மாறியது போன்ற தகுதிப் பிரச்சினைகளுக்கு மட்டும். களத்தில் நடந்த விடயத்தில் நடுவர் தீர்ப்பு இறுதியானது என்பது உதைபந்தாட்டச் சட்டத்தின் ஐந்தாவது விதி. ஏற்பாட்டுக் குழு அதை மாற்றப்போனால் ஒரு நாளில் முடியும் சண்டை ஒரு வருடம் இழுக்கும்.

கைபேசி வீடியோவைத் தீர்ப்புக்கு எடுக்கமாட்டோம் என்றும் எழுதுங்கள். அதைக் காட்டி "இஞ்ச பாருங்கோ" என்று வருபவர் கோட்டுக்கு நேரே நின்று எடுத்திருக்கமாட்டார். கமரா எல்லாம் இருந்தாலும் பிழை வரும் என்பதற்கு 2023 செப்ரெம்பர் 30 அன்று லண்டனில் நடந்த டொட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டமே போதும். லூயிஸ் டியாஸ் அடித்த முறையான கோலுக்குத் துணை நடுவர் ஓஃப்சைட் கொடி தூக்கினார். வீடியோ அறையில் இருந்தவர் களத்தில் கோல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தவறாக நினைத்து "சரி" என்றார். பிழை தெரியவந்தபோது ஆட்டம் மீண்டும் தொடங்கியிருந்தது. தொடங்கிய பிறகு தீர்ப்பை மாற்ற விதி இடம் கொடுக்காது. கோல் போனது போனதுதான். உங்கள் அணித்தலைவர் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்: நடுவர் தன் தீர்ப்பை மாற்றலாம், ஆனால் ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன்னர் மட்டும். எனவே கேட்பதை அந்தச் சில விநாடிக்குள், ஒருவர் மட்டும் போய்க் கேட்கவேண்டும். எட்டுப் பேர் சுற்றி வளைத்தால் அவர் துணை நடுவரிடம் போய்ப் பேசக்கூட வழியிருக்காது.

ஆட்டத்துக்கு முன்னர் நடுவர், இரண்டு அணித்தலைவர்கள், இரண்டு பயிற்றுநர்கள், அறிவிப்பாளர் எல்லோரும் பத்து நிமிடம் கூடுங்கள். தாளை வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். அணித்தலைவர் மட்டுமே நடுவருடன் பேசலாம் என்ற முறையை 2024 யூரோ கிண்ணத்தில் கடைப்பிடித்தார்கள். ஊர் ஆட்டத்துக்கு அது இன்னும் பொருத்தம். கேட்கும் முறையையும் பெடியளுக்குப் பழக்குங்கள். "சேர், என்னத்துக்குக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டால் பதில் வரும். "எங்க சேர் பாத்தனீங்கள்?" என்று கை நீட்டினால் மஞ்சள் அட்டை வரும்.

வாய்க்கொழுப்புக்கு மஞ்சள் அட்டை காட்டி, சிறிது நேரம் வெளியே இருத்தும் தற்காலிக வெளியேற்றமும் அடிமட்ட ஆட்டங்களுக்கு உண்டு. தேசிய சம்மேளனத்தின் அனுமதி வேண்டும், லீக்கில் கேட்டுப் பாருங்கள். மொத்த நேரத்தில் 10 முதல் 15 வீதம் என்பது கணக்கு. 50 நிமிட ஆட்டத்தில் 5 நிமிடம். பத்துப் பேருடன் ஐந்து நிமிடம் ஓடிப்பார்த்த அணி, அதன் பிறகு தன் ஆளைத் தானே அடக்கும்.

வெயில் கடுமையான மாதங்களில் தண்ணீர் இடைவேளை விடுவதென்றால் அதையும் எழுதி அறிவியுங்கள். தண்ணீர் குடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. உடல் சூடு தணிக்கும் இடைவேளை என்றால் ஒன்றரை முதல் மூன்று நிமிடம். அந்த நேரம் கடைசியில் கூட்டப்படும். சொல்லாமல் கூட்டினால், முன்னணியில் நிற்கும் அணியின் ஆட்கள் "நேரத்தைக் களவா நீட்டுறான்" என்று தொடங்குவார்கள்.

மைக் யார் கையில்

எங்கள் பக்கத்து ஆட்டங்களில் ஒலிபெருக்கி வர்ணனை இல்லாமல் திருவிழாக் களை வராது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பாளர் "ஆகா, இது அநியாயம்! இது ஓஃப்சைட்டே இல்லை!" என்று ஒரு தடவை சொன்னால், அதுவரை சந்தேகமாக இருந்த ஐந்நூறு பேரும் உறுதியாகிவிடுவார்கள். அவர் மேசையில் இருக்கிறார். ஓஃப்சைட் கோடு அவருக்கு நேரே இல்லை.

அவருக்கு ஒரு விதி: தீர்ப்பையும் காரணத்தையும் சொல்லலாம், அது சரியா பிழையா என்று சொல்லக்கூடாது. காரணத்தை நான்காவது நடுவர் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்கட்டும். "இரண்டாவது கடைசி எதிர்வீரரை விட முன்னால் நின்றதற்காக ஓஃப்சைட்." "கை உடம்பிலிருந்து விரிந்திருந்ததால் ஹாண்ட், பெனால்டி." இவ்வளவும் போதும். காரணம் காதில் விழுந்தாலே பாதிச் சத்தம் அடங்கும். அமைதியாக நிற்பவர்கள் கூடச் சத்தம் போடுவது, என்ன நடந்தது என்றே தெரியாததால்தான்.

தெற்கிலிருந்து வந்த நடுவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது என்றால் இது இன்னும் முக்கியம். மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்ததே மொழி புரியாத சிக்கலில்தான். 1966இல் இங்கிலாந்து – ஆர்ஜென்ரீனா ஆட்டத்தில் நடந்த குழப்பத்துக்குப் பிறகு கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய நடுவர் அந்த யோசனையைக் கொண்டுவந்தார், 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் நடைமுறைக்கு வந்தது.

ரசிகர்கள் தெரிந்துகொண்டு கத்தவேண்டியவை

ஓஃப்சைட்டில் இருந்து தொடங்குவோம். முன்கள வீரரின் தலை, உடம்பு, கால் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பந்தையும் இரண்டாவது கடைசி எதிர்வீரரையும் விட எதிரணிக் கோல் கோட்டுக்குக் கிட்ட இருந்தால் அது ஓஃப்சைட் நிலை. கை கணக்கில்லை. சமனாக நின்றால் ஓஃப்சைட் இல்லை. தன் பாதியில் நின்றால் இல்லை. கோல் உதை, மூலை உதை, எறிபந்து ஆகியவற்றிலிருந்து நேரே பந்து வாங்கினால் இல்லை. எறிபந்துக்கு "ஓஃப்சைட்!" என்று கத்துவது இன்னும் எல்லா ஊரிலும் கேட்கும். அந்த நிலையில் நிற்பது மட்டும் குற்றமுமில்லை. பந்தை விளையாடவோ எதிரியைத் தடுக்கவோ வேண்டும். துணை நடுவர் கொடியைத் தாமதித்துத் தூக்குவது அதனால்தான், பயத்தால் அல்ல.

எல்லாம் கணக்கெடுக்கப்படுவது தன் அணிக்காரரின் காலில் பந்து பட்ட கணத்தில். இங்கேதான் ரசிகரின் கண் தவறும். முன்கள வீரர் விநாடிக்கு 7 மீற்றர் வேகத்தில் ஓடுகிறார், பின்கள வீரர் 3 மீற்றர் வேகத்தில் எதிரே ஏறி வருகிறார் என்று வையுங்கள். இருவருக்கும் இடையே விநாடிக்கு 10 மீற்றர் விலகல். பந்து உதைத்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கோட்டைப் பார்க்க விநாடியில் பத்தில் ஒரு பங்கு போனாலே, சமனாக நின்றவர் ஒரு மீற்றர் முன்னால் தெரிவார். நீங்கள் கண்டது பொய் இல்லை, ஆனால் பிந்திய காட்சி. இரண்டாவது கடைசி ஆளுக்கு நேரே நிற்காத எவரும் இதில் சத்தியம் செய்ய முடியாது.

ஹாண்ட். பந்து கையில் பட்டதெல்லாம் குற்றம் இல்லை. வேண்டுமென்று தொட்டால், அல்லது கையை விரித்து உடம்பை இயல்புக்கு மீறிப் பெருப்பித்துக்கொண்டால் குற்றம். கை என்பது அக்குளின் அடிமட்டத்திலிருந்து கீழே. தோளில் பட்டால் ஒன்றுமில்லை. தெரியாமல் பட்டாலும், அந்தக் கையிலிருந்து நேரே கோல் போனாலோ, பட்ட உடனே அதே ஆள் கோல் அடித்தாலோ கோல் இல்லை.

"கடைசி ஆள், சிவப்பு குடு!" என்பதும் பிழையான கணக்கு. நடுவர் பார்ப்பது கோலுக்கான தூரம், ஓட்டத்தின் திசை, பந்து அவர் வசப்படும் வாய்ப்பு, மற்றப் பின்கள வீரர்கள் எத்தனை பேர் எங்கே என்ற நான்கையும் சேர்த்து. பெனால்டி எல்லைக்குள், பந்துக்காகவே போய்ச் செய்த தவறு என்றால் பெனால்டியோடு மஞ்சள்தான். பந்தை விளையாடும் நோக்கமே இல்லாமல் பிடித்து இழுத்தால் சிவப்பு.

கோல்காப்பாளர் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் விதியும் மாறிவிட்டது. 2025 யூலை முதல் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை; கடைசி ஐந்து விநாடியை நடுவர் விரலால் காட்டி எண்ணுவார். இதை உங்கள் போட்டியில் அமுல்படுத்தினால் முன்னரே அறிவியுங்கள். தெரியாத ரசிகருக்கு அது வானத்திலிருந்து விழுந்த தீர்ப்பு.

பெனால்டிச் சுற்று

விலகல் போட்டியில் பெரும் கலவரம் இங்கேதான். முதல் காரணம் வெளிச்சம். டிசம்பரில் 6 மணிக்கு முன்னரே சூரியன் இறங்கிவிடும், யூனில் ஆறரை ஆகும். பாதிக்கு 25 நிமிடம், இடைவேளை 5, கூட்டிய நேரம் 3, பெனால்டிக்கு 10 என்றால் 68 நிமிடம். பின்னேரம் 4:30க்குத் தொடங்கினால் 5:40க்குள் முடியும். பிரதம விருந்தினர் வரும்வரை காத்து 5:15க்குத் தொடங்கினால் இருட்டில்தான் உதைப்பார்கள், கோல்காப்பாளர் கோட்டில் நின்றாரா என்று யாருக்கும் தெரியாது. விருந்தினர் பிந்தினால் இடைவேளையில் கைலாகு கொடுக்கட்டும்.

இரண்டாவது, சனம் கயிற்றைத் தாண்டி வந்து கோலைச் சுற்றி வளைப்பது. ஐந்தாவது உதை வருவதற்குள் பெனால்டி எல்லை வரை தலைகள் வந்துவிடும். கடைசி விசில் ஊதிய உடனேயே கோலுக்குப் பின்னாலும் இரு பக்கமும் ஆட்களை நிறுத்துங்கள். ஒரு துணை நடுவர் கோல் கோடும் கோல் பகுதிக் கோடும் சந்திக்கும் இடத்தில், மற்றவர் வீரர்களோடு நடு வட்டத்தில்.

உதைக்கும் கணத்தில் கோல்காப்பாளரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டில், அல்லது கோட்டுக்கு நேர் மேலே, அல்லது கோட்டுக்குப் பின்னால் இருக்கவேண்டும். முன்னால் பாய்ந்து பிடித்தால் மீண்டும் உதை. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்ததற்கு மஞ்சள். பந்து தானாக வெளியே போனாலோ கம்பத்தில் பட்டுத் திரும்பினாலோ, அவர் முன்னால் வந்தது உதைத்தவரைத் தெளிவாகக் குழப்பினால் ஒழிய மீளுதை இல்லை. உதைப்பவர் ஓடி வரும்போது தாமதிக்கலாம். ஓட்டம் முடிந்த பிறகு காலை நிறுத்திப் பாசாங்கு காட்டினால் அந்த உதை தவறியதாகவே கணக்கு, மஞ்சளும் உண்டு. இந்த நான்கையும் முதல் உதைக்கு முன்னர் மைக்கில் வாசியுங்கள்.

சனம் உள்ளே வந்தால்

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, துணை நடுவர்களுடன் நடு வட்டத்துக்குப் போகட்டும். ஓடவேண்டாம்; ஓடினால் துரத்துவார்கள். அறிவிப்பாளர் பாட்டையும் வர்ணனையையும் நிறுத்தி, ஆட்டம் இடைநிறுத்தப்பட்டுள்ளது என்று மட்டும் சொல்லட்டும். ஒவ்வொரு கழகத்திலிருந்தும் கைப்பட்டி கட்டிய நான்கு மூத்தவர்களை முன்னரே கேட்டு வையுங்கள். தன் ஊர்ப் பெடியனைத் தன் ஊர் ஆள்தான் பிடிக்கவேண்டும். "தம்பி, கயித்துக்கு வெளியால வா, கொப்பரும் அங்கதான் நிக்கிறார்" என்று தெரிந்தவர் சொன்னால் வருவான். எதிர்க்கழக ஆள் தோளில் கை வைத்தால் அடுத்த சண்டை தொடங்கும்.

பத்து நிமிடத்துக்குள் ஒழுங்கு வராவிட்டால் தொடர்வதா கைவிடுவதா என்பது நடுவரின் முடிவு. கைவிட்டால் வெற்றி யாருக்கு, மீளாட்டமா என்பதை அன்றிரவு மேசையடியில் பேசவேண்டாம். விதித்தாளில் எழுதியிருப்பதும் நடுவர் அறிக்கையுமே அடிப்படை. அறிக்கையில் நேரம், நின்ற இடம், ஜேர்சி இலக்கம், சொன்ன சொல் அப்படியே வரவேண்டும். "தகாத வார்த்தை பேசினார்" என்று எழுதினால் ஒழுக்காற்றுக் குழுவில் நிற்காது.

வெளியூர் அணியின் சந்தேகத்தை வெறும் புலம்பல் என்று தள்ளிவிடவும் முடியாது. 2002இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வில், கூட்டத்தின் சத்தத்தோடு காட்சிகளைப் பார்த்த நடுவர்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்களை விட உள்ளூர் அணிக்கு எதிராகக் குறைவான தவறுகளையே கொடுத்தார்கள். நேர்மையான ஆளுக்கும் காது வேலைசெய்யும். உங்கள் மைதானத்தில், உங்கள் சனத்துக்கு முன்னால் நடத்தும்போது நடுவரை நடுநிலையாக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுக்குத்தான் கூட.

அடுத்த நாளும் அடுத்த நடுவரும்

இரு கழகங்களிடமும் நடுவர் பற்றிய மதிப்பீட்டுத் தாள் வாங்குங்கள், ஆனால் அன்றிரவு அல்ல. இரண்டு நாள் கழித்து. விதி தெரிந்திருந்தாரா, ஆட்டத்துக்குக் கிட்ட ஓடினாரா, இரண்டு அணிக்கும் ஒரே அளவுகோலா, கையசைவு விளங்கியதா என்று நான்கு கேள்வி போதும். வென்ற அணியும் தோற்ற அணியும் ஒரே குறையை எழுதினால் அதை லீக்குக்கு அனுப்புங்கள். ஒரே நடுவர் திரும்பத் திரும்பப் பிழைவிட்டால் அவரை மாற்றக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது இப்படித் தாளில் வந்தால்தான் நடக்கும்.

நடுவர் தட்டுப்பாட்டுக்குக் கழகங்களே மருந்து செய்யவேண்டும். முழங்கால் போய் விளையாட்டை விட்டவர்களில் விதி படிக்கும் ஆர்வமுள்ள இருவரையும், பாடசாலை அணிகளில் ஆடிய பெண்பிள்ளைகளில் இருவரையும் லீக்கின் நடுவர் வகுப்புக்கு அனுப்புங்கள். 2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் கோஸ்ராறிக்கா – ஜேர்மனி ஆட்டத்தை ஸ்ரெஃபனி ஃபிரப்பார் நடத்தினார், இரண்டு கொடியும் பெண்கள் கையில். ஆண்கள் உலகக் கிண்ணத்தில் ஒரு பெண் விசில் பிடித்தது அதுவே முதல் தடவை.

புதியவரை நேரே பைனலுக்கு விடாதீர்கள். 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் முதலில் கொடி, பிறகு விசில். மூத்த நடுவர் ஒருவர் பக்கக் கோட்டில் நின்று பார்த்து, இடைவேளையில் ஒரே ஒரு குறையை மட்டும் சொல்லட்டும். ஐந்தைச் சொன்னால் இரண்டாம் பாதியில் ஒன்றும் நிற்காது. பயிலுநர் என்று தெரிய வேறு நிறக் கைப்பட்டி கட்டுங்கள். பிள்ளைகளின் தகப்பன்மார் நிற்கும் பக்கத்தில் கழகத் தலைவரே போய் நிற்கவேண்டும். இளம் நடுவரை விசிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் செய்வது வீரர்களின் சத்தம் அல்ல, அந்தப் பக்கத்திலிருந்து வரும் சத்தம்தான்.